இணைய அரட்டையின் வரலாறு – 9: திட்டத்தின் பெயரைக் காத்தவர்கள்

ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் சார்பில் அரட்டை வலையமைப்பின் நிர்வாகத்தோடு பேசுவதற்கு உரிமை பெற்றவரே குழுத் தொடர்பாளர். ஐஆர்சி எனப்படும் அரட்டை முறையின் உலகில் அவரைக் ‘குரூப் காண்டாக்ட்’ என்பார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. திட்டத்தின் மென்பொருளில் ஒரு வரிகூட எழுதாதவராகவும் அவர் இருக்கலாம். ஆனால் உபுண்டு, விக்கிப்பீடியா, ஜென்டூ போன்ற பெயர்களைத் தாங்கிய சேனல்கள், அதாவது அரட்டை அறைகள், பல ஆண்டுகளாகப் போலிகளின் கைக்குப் போகாமல் இருந்ததற்கு இந்தப் பொறுப்பு ஒரு முக்கியமான காரணம். 2021-இல் ஒரு பெரிய வலையமைப்பே உடைந்தபோது நூற்றுக்கணக்கான திட்டங்கள் சிதறாமல் இடம் மாறியதிலும் இவர்களின் உழைப்பு உண்டு.

இப்படி ஒரு பொறுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஐஆர்சியின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் எழுதிய இந்த அரட்டை முறையில் பெயருக்கு உடைமையாளர் என்று எவரும் இல்லை. ‘நிக்’ எனப்படும் புனைபெயர், அதை அந்த நேரத்தில் வைத்திருப்பவருக்குச் சொந்தம். அவர் இணைப்பைத் துண்டித்த மறுநொடி வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம். சேனலும் அப்படித்தான். இல்லாத ஒரு சேனலுக்குள் முதலில் நுழைபவருக்கு ‘ஆப்’ அதிகாரம், அதாவது பிறரை வெளியேற்றவும் தடைசெய்யவும் உரிய அதிகாரம், தானாகவே கிடைக்கும். கடைசி ஆளும் வெளியேறினால் சேனல் மறைந்துவிடும். புறம்போக்கு நிலத்தில் முதலில் குடிசை போட்டவர் சொந்தம் கொண்டாடுவதைப் போன்ற ஏற்பாடு இது.

சில டஜன் மாணவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதனால் தொல்லை இல்லை. கூட்டம் பெருகியபோது வந்தது. ஐஆர்சி வலையமைப்பு என்பது பல சர்வர்களின் சங்கிலி. இரண்டு சர்வர்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் ஒரே சேனல் இரண்டு துண்டாகும். ஒரு துண்டில் ஆள் எவரும் இல்லாத நேரம் பார்த்து நுழைந்து ஆப் அதிகாரம் பெற்று, இணைப்பு மீண்டதும் பழைய நிர்வாகிகளை வெளியேற்றிவிட்டுச் சேனலையே கைப்பற்றும் வழக்கம் பரவியது. 1990-களின் நடுவில் டால்நெட் போன்ற வலையமைப்புகள் இதற்கு ஒரு தீர்வு கண்டன. நிக்சர்வ், சான்சர்வ் என்னும் சேவை நிரல்கள் புனைபெயரையும் சேனலையும் கடவுச்சொல்லோடு பதிவு செய்து, பதிவு செய்தவருக்கே அவற்றைக் காத்துக்கொடுத்தன.

அதிலும் ஒரு குறை எஞ்சியது. சான்சர்வ் அறிந்ததெல்லாம் யார் முதலில் பதிவு செய்தார் என்பதுதான். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை நிரலால் அறிய முடியாது. ஒரு மென்பொருள் வெளியான அன்றே அதன் பெயரில் ஆர்வலர் ஒருவர் சேனல் திறந்து பதிவு செய்துகொண்டால், அந்த மென்பொருளை எழுதியவர்கள் வரும்போது கதவு பூட்டியிருக்கும். அந்த ஆர்வலர் நல்லவராகவே இருந்தாலும் இரண்டு ஆண்டு கழித்துக் காணாமல் போனால் சேனலுக்கு வாரிசு இல்லை. பதிவின் உரிமை வேறு, பெயரின் உரிமை வேறு. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

அந்த மனிதருக்கு முறையான இடம் கொடுத்த வலையமைப்பு ஃப்ரீநோட். லினக்ஸ் பயனர்களுக்கு உதவுவதற்காக ஈஎஃப்நெட் வலையமைப்பில் தொடங்கிய லின்பீப்பிள் என்னும் சிறு சேனலிலிருந்து வளர்ந்தது அது. அதைக் கட்டியவர் ராப் லெவின். ஐஆர்சியில் ‘லிலோ’ என்று அறியப்பட்டவர். சேனல் தனி வலையமைப்பாகி, 1998-இல் ஓப்பன் ப்ராஜெக்ட்ஸ் நெட் என்று பெயர் பெற்று, 2002-இல் ஃப்ரீநோட் ஆனது. லெவின் இதைப் பொழுதுபோக்கு அரட்டைக்கான இடமாகக் கருதவில்லை. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் சேர்ந்து வேலை செய்யும் கூடமாகவே அதை எண்ணினார். மற்ற வலையமைப்புகள் தனிமனிதரைப் பயனராகப் பார்த்தபோது, ஃப்ரீநோட் திட்டங்களையும் குழுக்களையும் தன் உறுப்புகளாகப் பார்த்தது. குழுத் தொடர்பாளர் என்ற பொறுப்பு அந்தப் பார்வையிலிருந்தே பிறந்தது. 2006 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் மிதிவண்டியில் சென்றபோது கார் மோதி லெவின் இறந்தார். அவர் வகுத்த அமைப்பு அவருக்குப் பின்னும் நீடித்தது.

அமைப்பின் அடிப்படை ஒரு சிறிய குறியில் இருந்தது. சேனல் பெயர் ஒற்றை # குறியோடு தொடங்கினால் அது ஒரு திட்டத்தின் அதிகாரபூர்வ இடம். இரட்டைக் குறி, அதாவது ##, இருந்தால் அது அந்தப் பொருளைப் பற்றி எவரும் பேசும் பொது இடம். லினக்ஸ் என்னும் பெயரில் பல்லாண்டு இயங்கிய பெருஞ்சேனல் ##லினக்ஸ் என்றே இருந்தது. அது லினக்ஸ் உருவாக்குநர்களின் அதிகாரபூர்வ இடம் அல்ல என்பதை அந்தக் குறியே சொல்லிவிடும். #உபுண்டு அப்படியல்ல, அது உபுண்டு திட்டத்தின் சொத்து. ஒற்றைக் குறிப் பெயரை வேறு யார் முதலில் பதிவு செய்திருந்தாலும், உரிய திட்டம் வந்து கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. முதலில் வந்தவருக்கே உரிமை என்ற பழைய வழக்கம் ## பெயர்களுக்கு மட்டும் மிஞ்சியது. ஐஆர்சியின் அடிப்படை நெறிமுறையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், வெறும் ஒப்பந்தத்தால் உடைமை என்ற கருத்தை உள்ளே கொண்டுவந்த இந்த ஏற்பாடு, ஐஆர்சி வரலாற்றில் மிகச் சிக்கனமான, மிக நல்ல சீர்திருத்தங்களுள் ஒன்று.

உரிய திட்டம் வந்து கேட்டால் என்பதில்தான் தொடர்பாளரின் வேலை தொடங்குகிறது. திட்டத்தைப் பதிவு செய்ய அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். திட்டத்தின் பெயர், அதன் வலைத்தளம், தொடர்பாளர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது ஆகியவை கேட்கப்படும். வலையமைப்பின் பணியாளர்கள், அவர்களும் தன்னார்வலர்களே, அதைச் சரிபார்ப்பார்கள். திட்டத்தின் சொந்த டொமைன் முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சல், அதிகாரபூர்வத் தளத்தில் தொடர்பாளரின் பெயரைக் குறிப்பிடும் ஒரு வரி போன்றவையே சான்று. ஃப்ரீநோட்டில் இந்தச் சரிபார்ப்பு மெதுவாகவே நடந்தது. விண்ணப்பங்கள் நீண்ட காலம் தேங்கிக் கிடந்தன என்ற குறை எப்போதும் இருந்தது. குறை நியாயமானதே. ஆனால் ஒருமுறை தவறான ஆளிடம் ஒரு திட்டத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால் அதைத் திருத்துவது இன்னும் கடினம் என்பதும் பணியாளர்களுக்குத் தெரியும்.

பதிவு முடிந்தபின் தொடர்பாளருக்குக் கிடைப்பது ஒரு சேனல் மட்டுமல்ல. ஒரு பெயர்க் குடும்பமே கிடைக்கும். #உபுண்டு என்பது பதிவானால் அந்தப் பெயரோடு ஒரு சிறு கோடும் வேறொரு சொல்லும் சேர்ந்து வரும் சேனல்கள் எல்லாம் அதே திட்டத்தின் கீழ் வரும். உபுண்டுவில் நிர்வாகிகள் கூடும் #உபுண்டு-ஆப்ஸ், ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் தனிச் சேனல், சந்திப்புகளுக்கு ஒன்று என இந்தக் குடும்பம் பெரிதாக வளர்ந்தது. எங்கோ ஒரு நாட்டில் உள்ளூர்க் குழு ஒன்று சேனல் திறந்து, சில ஆண்டுகளில் கலைந்து, அதைத் திறந்தவர் எங்கே போனார் என்றே தெரியாமல் போவது அடிக்கடி நடப்பது. புதிய ஆர்வலர்கள் வந்து அந்தச் சேனலை மீண்டும் இயக்க விரும்பினால், ஆப் அதிகாரம் பெற அவர்களுக்கு வழி இல்லை. தொடர்பாளர் பணியாளர்களிடம் சொன்னால் போதும். சேனலின் உரிமை புதியவர்களுக்கு மாற்றப்படும். இந்தப் பொறுப்பின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இத்தகைய மீட்புகள்தாம்.

அடுத்தது ‘க்ளோக்’. ஐஆர்சியில் ஒருவரைப் பற்றி ஹூஇஸ் என்று விசாரித்தால் அவருடைய கணினியின் ஐபி முகவரியோ அவருக்கு இணையம் வழங்கும் நிறுவனத்தின் பெயரோ எல்லார் கண்ணுக்கும் தெரியும். வம்பர்கள் அதைக் கொண்டு அவர் இருக்கும் ஊரைக் கண்டுபிடிக்கலாம். அவருடைய இணைப்பைத் தாக்கி முடக்கவும் செய்யலாம். க்ளோக் அந்த முகவரியை மறைத்து, அதன் இடத்தில் ஒரு சொற்றொடரைக் காட்டும். எந்தத் திட்டத்தையும் சாராதவர்களுக்கு ஃப்ரீநோட் தானே ஒரு பொதுவான க்ளோக் வழங்கியது. திட்டத்தின் பெயரைத் தாங்கிய க்ளோக்கை மட்டும் அந்தத் திட்டத்தின் தொடர்பாளர் கேட்டால்தான் தரும்.

இதனால் க்ளோக் மறைப்பாகவும் அடையாளமாகவும் ஒருசேர இயங்கியது. உபுண்டுவில் முறையான உறுப்பினர் தகுதி பெற்றவருக்குத் திட்டத்தின் பெயர், ‘மெம்பர்’ என்னும் சொல், அவருடைய புனைபெயர் மூன்றும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக வரும். ஜென்டூவில் ‘டெவலப்பர்’ என்று வரும். உதவி கேட்டு நள்ளிரவில் சேனலுக்குள் வரும் புதியவர் ஒருவர், தமக்குக் கட்டளை சொல்லித்தருபவர் நம்பத்தக்கவரா என்று அறிய அந்தச் சொற்றொடரைப் பார்த்தால் போதும். கணினியில் தவறான கட்டளையை இயக்கச் சொல்லி ஏமாற்றும் குறும்பர்கள் அங்கே குறைவில்லை என்பதால் இது சின்ன உதவி அல்ல. விக்கிமீடியா திட்டங்களில் க்ளோக் கேட்பவர் உண்மையிலேயே அந்த விக்கிக் கணக்குக்கு உரியவர்தானா, போதிய காலம் பங்களித்தவரா என்று பார்த்த பின்னரே தொடர்பாளர்கள் கோரிக்கையை அனுப்புவார்கள். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் க்ளோக்கைத் திரும்பப் பெறுவதும் அவர்கள் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை அதுதான்.

எப்போதாவது வரும் பணிகள் வேறு. ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு வலையமைப்பு ஒரு வரம்பு வைத்திருக்கும். ஒரு திட்டத்தின் மாநாட்டில் இருநூறு பேர் ஒரே வைஃபை வழியாக நுழைய முயன்றால், முதலில் வந்த சிலருக்குப் பிறகு மற்றவர்களுக்குக் கதவு அடைபடும். தொடர்பாளர் முன்கூட்டியே எழுதினால் அந்த முகவரிக்கு மட்டும் வரம்பு உயர்த்தப்படும். 2018 ஆகஸ்டில் ஃப்ரீநோட்டின் சேனல்களில் வசைச் செய்திகள் வெள்ளமாகக் கொட்டப்பட்டபோது, பதிவு செய்த புனைபெயர் இல்லாதவர்கள் நுழையாதபடி பல சேனல்கள் பூட்டப்பட்டன. அத்தகைய நேரங்களில் பணியாளர்களின் அறிவுரையைத் தம் திட்டத்தின் எல்லாச் சேனல்களுக்கும் எடுத்துச் செல்வதும், பூட்டு எப்போது அவிழும் என்று புதியவர்களுக்குப் பதில் சொல்வதும் தொடர்பாளரின் தோளில் விழுந்தன.

அவருடைய அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. அவர் வலையமைப்பின் பணியாளர் அல்லர். ஒருவரை முழு வலையமைப்பிலிருந்தும் தடைசெய்ய அவரால் முடியாது. அது பணியாளரின் அதிகாரம். அதே சமயம் ஒரு சேனலுக்குள் யாரை வைத்திருப்பது, யாரை வெளியேற்றுவது என்ற சச்சரவில் பணியாளர்கள் பொதுவாகத் தலையிட மாட்டார்கள். அது திட்டத்தின் உள்விவகாரம். தடை பெற்றவர் பணியாளரிடம் முறையிட்டால், திட்டத்தின் ஆட்களிடம் பேசுங்கள் என்றுதான் பதில் வரும். இப்படி இரு பக்கத்துக் கோபமும் வந்து சேரும் இடத்தில் தொடர்பாளர் நிற்கிறார். அதனால்தான் தொழில்நுட்பத் திறமையைவிட நிதானம் இந்தப் பொறுப்புக்கு முதல் தகுதியாகக் கருதப்பட்டது.

தொடர்பாளரை யார் நியமிப்பது என்பதில் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு உண்டு. உபுண்டுவில் ஐஆர்சி மன்றம் என்றே ஒரு சிறு குழு உண்டு. சமூக மன்றத்தின் கீழ் இயங்கும் அதுவே வலையமைப்போடு பேசும். விக்கிமீடியாவில் இதைத் தன்னார்வலர்கள் சிலர் பகிர்ந்து செய்கிறார்கள். சேனல்களை விக்கிமீடியா அறக்கட்டளை நேரடியாக நடத்துவதில்லை. சிறு திட்டங்களில் மென்பொருளை எழுதியவரே தொடர்பாளர். அங்கேதான் ஆபத்தும் இருந்தது. ஒரே ஒருவர் பெயரில் பதிவு இருந்து, அவர் வேலை மாறி, மின்னஞ்சல் மாறி மறைந்துவிட்டால், திட்டம் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பாளர்களைப் பதிவு செய்யச் சொல்லி வலையமைப்புகள் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. வற்புறுத்தலைப் பலர் காதில் வாங்கவில்லை.

வலையமைப்பையே விட்டுப் போகும் முடிவும் திட்டத்தின் கையில் இருந்தது. டெபியன் திட்டம் அதற்கு முன்னோடி. ஃப்ரீநோட்டின் முந்தைய வடிவத்திலிருந்து பிரிந்தவர்கள் 2001-இல் தொடங்கிய ஓஎஃப்டிசி என்ற வலையமைப்புக்கு டெபியன் 2006 ஜூனில் இடம் மாறியது. டெபியனுக்கு ஒரு வசதி இருந்தது. அதன் பயனர்களின் மென்பொருளில் பதிந்திருந்தது ஃப்ரீநோட்டின் முகவரி அல்ல. டெபியனின் சொந்த டொமைனில் அமைந்த ஐஆர்சி முகவரி. அந்த முகவரி எந்த வலையமைப்பைச் சுட்டுகிறது என்பதை மாற்றியதும், மறுமுறை இணைந்தவர்கள் புதிய இடத்தில் போய் இறங்கினார்கள். பெயரைத் தன் கையில் வைத்திருக்கும் திட்டத்துக்கு வலையமைப்பு வெறும் வாடகை வீடுதான் என்று டெபியன் காட்டியது. மற்றத் திட்டங்கள் அந்தப் பாடத்தைக் கவனிக்கப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

லெவினுக்குப் பின் ஃப்ரீநோட்டின் பணியாளர் தலைவராக இருந்தவர் கிறிஸ்டெல் டால்ஷேர். அவர் காலத்தில், 2017-இல், ஃப்ரீநோட் லிமிடெட் என்னும் நிறுவனம், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்தை நிறுவிய ஆண்ட்ரூ லீயின் பக்கம் சென்றது. விற்கப்பட்டது ஃப்ரீநோட் பெயரில் மாநாடு நடத்தும் நிறுவனம் மட்டுமே, வலையமைப்பு அல்ல என்பது பணியாளர்களின் நிலை. வலையமைப்பும் டொமைனும் தமக்கே சொந்தம் என்பது லீயின் நிலை. நான்கு ஆண்டு உள்ளுக்குள் புகைந்த இந்த முரண்பாடு 2021 மே 19 அன்று வெடித்தது. பணியாளர்கள் கூட்டாக விலகி, அன்றே லிபரா சாட் என்ற புதிய வலையமைப்பை அறிவித்தார்கள். ஸ்வீடனில் பதிவான இலாப நோக்கற்ற சங்கமாக அது அமைந்தது.

அந்த வாரத்தில் குழுத் தொடர்பாளர்கள் செய்த வேலை அதுவரை இருபது ஆண்டில் செய்யாதது. ஒவ்வொரு திட்டமும் போவதா இருப்பதா என்று அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுத்தபின் புதிய இடத்தில் பெயரைப் பிறர் பிடிப்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். சேனல்களின் அதிகாரப் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும். க்ளோக்குகளைத் திரும்பக் கேட்க வேண்டும். தானியங்கி போட்களை மாற்ற வேண்டும். பழைய சேனலின் தலைப்பில் புதிய முகவரியை எழுத வேண்டும். உபுண்டு, விக்கிமீடியா, ஃபெடோரா, ஜென்டூ முதலியவை சில நாள்களுக்குள் நகர்ந்தன. லிபராவின் பணியாளர்களுள் பெரும்பாலோர் முன்பு ஃப்ரீநோட்டில் இருந்தவர்களே என்பதால், யார் எந்தத் திட்டத்தின் சார்பில் பேசுகிறார் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருந்தது. ஒரு வலையமைப்பின் டொமைனை விலைக்கு வாங்க முடிந்தது. இந்த அறிமுகங்களை வாங்க முடியவில்லை.

மே 26 அன்று ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம், தலைப்பில் லிபராவைக் குறிப்பிட்ட 700-க்கும் மேற்பட்ட சேனல்களைக் கைப்பற்றியது. அவற்றில் இருந்தவர்கள் இரட்டைக் குறி கொண்ட சேனல்களுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். திட்டத்தின் அதிகாரபூர்வ இடத்தையும் பொது இடத்தையும் பிரித்துக் காட்டுவதற்காக ஏற்பட்ட குறி, திட்டத்தை அதன் சொந்தப் பெயரிலிருந்து வெளியேற்றும் கருவியானது. பதிவு செய்த தொடர்பாளர்களிடம் முன்கூட்டிப் பேசவில்லை. அதுவரை தயங்கி நின்ற பல திட்டங்கள் அந்த ஒரு நாளில் முடிவெடுத்தன. ஜூன் நடுவில் ஃப்ரீநோட் வேறு சர்வர் மென்பொருளுக்கு மாறியபோது, பழைய புனைபெயர், சேனல் பதிவுகள் அனைத்தும் கைவிடப்பட்டன. குழுப் பதிவுகளும் அவற்றோடு பொருள் இழந்தன. கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் முதன்மையான ஐஆர்சி இடமாக லிபரா நிலைபெற அதன்பின் நீண்ட காலம் ஆகவில்லை.

லிபரா பழைய அமைப்பைப் பெரிதும் அப்படியே எடுத்துக்கொண்டது. # பெயர்கள் திட்டங்களுக்கு, ## பெயர்கள் பொதுப் பேச்சுக்கு. திட்டப் பதிவு, பெயர்க் குடும்பம், திட்டத்தின் பெயர் தாங்கிய க்ளோக், ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பாளர்கள் ஆகிய எல்லாம் தொடர்ந்தன.

தொடர்பாளரின் வேலைதான் ஐஆர்சிக்கு வெளியிலும் நீண்டுவிட்டது. மொசில்லா தன் சொந்த ஐஆர்சி சர்வரை 2020 மார்ச்சில் மூடி, மேட்ரிக்ஸ் என்னும் வேறொரு அரட்டை முறைக்குச் சென்றது. வேறு பல திட்டங்கள் ஐஆர்சியைக் கைவிடாமல், மேட்ரிக்ஸ், டிஸ்கார்ட், டெலிகிராம் அறைகளைப் பாலம் எனப்படும் இணைப்பு நிரலால் ஐஆர்சி சேனலோடு சேர்த்தன. பாலத்தின் வழியாக வந்த நூறு பேர் வலையமைப்பின் கண்ணுக்கு ஒரே இடத்திலிருந்து வந்தவர்களாகத் தெரிவதும், ஒரு பக்கத்தில் தடைபெற்றவர் மறுபக்கம் வழியாக நுழைவதும் புதிய தலைவலிகள். லிபராவுக்கும் மேட்ரிக்ஸுக்கும் இடையிலான பொதுப் பாலம் 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டபோது, தொடர்பாளர்கள் மீண்டும் ஒருமுறை தம் திட்டத்தின் ஆட்களை இரு பக்கத்திலும் தேடிச் சென்று, எந்த அறை இனி அதிகாரபூர்வம் என்று அறிவித்து, தேவைப்பட்ட இடங்களில் தம் சொந்தப் பாலத்தை அமைக்க வலையமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.